சத்தமில்லாமல் எழுப்புகிற வீடு

அலாரம் அடித்தபோது கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் சட்டென்று அழுகையை நிறுத்தினார்கள்.

சத்தமா அது! தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டு யாரோ வெறிபிடித்துக் குலுக்குவது போல இருந்தது. படுக்கையறைக்குள்ளிருந்து வந்தது. விடிந்தும் விடியாத வேளை. கூடத்தின் நடுவில் வெள்ளைத் துணிக்குள் அவன் படுத்திருந்தான். சுற்றி இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுவரில் சாய்ந்து கிடந்த அண்ணி மட்டும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "நிறுத்துங்க! யாராவது போய் நிறுத்துங்களேன்!" என்று அலறினாள்.

எழுந்து போனவள் பூனையத்தைதான்.

பூனையத்தை இறந்தவனின் ஒரே தங்கை. பெயரை வைத்தது அண்ணனின் மகள் குட்டி. வருவது தெரியாது, போவது தெரியாது, பக்கத்தில் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரமான பிறகுதான் ஆள் இருப்பதே தெரியும். அதனால் பூனையத்தை. அவள் வேலை பார்க்கிற கேக் கடையில்கூட இப்போது அந்தப் பெயர்தான். நாற்பதைத் தாண்டியவள். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டுக் கேட்டு ஊரே அலுத்துப்போய் விட்டுவிட்டது.

அறையில் குட்டி கட்டிலின் மேல் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அழுது களைத்துத் தூங்கிப்போனவளை யாரோ தூக்கி வந்து அங்கே போட்டிருக்கிறார்கள். தலைமாட்டு மேஜையில் கடிகாரம் குதித்துக்கொண்டிருந்தது. பூனையத்தை அதைத் திருப்பி, பின்மூடியை நகத்தால் நெம்பி, பாட்டரியை உருவினாள். வீடு அடங்கியது.

குட்டியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. உதட்டில் ரத்தமே இல்லை. பூனையத்தை அவள் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஏதோ தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"தலை சுத்துது அத்தை. அன்னிக்குப் பள்ளிக்கூடத்துல விழுந்தேனே, அந்த மாதிரி இருக்கு."

"எப்பம்மா விழுந்தே?"

"ஓட்டப்பந்தயத்துல. டமால்னு துப்பாக்கி வெடிச்சாங்கல்ல, அப்ப. கண்ணு இருட்டிடுச்சு. நான் சாப்பிடாம போனேன்னு அம்மா திட்டினாங்க."

பூனையத்தை குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, இன்னொரு கையில் கடிகாரத்தைப் பிடித்தபடி நின்றாள். சிவப்பு நிறத்தில் புத்தம்புதுக் கடிகாரம். அடியில் ஒட்டியிருந்த கடைச் சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. நேற்று அண்ணன் விழுந்ததும் இதே வேளைதான். அண்ணி காதைப் பொத்திக்கொண்டு அலறியது நினைவுக்கு வந்தது. அப்புறம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. கடிகாரத்தைத் தன் துணிப்பைக்குள் போட்டு, மேலே துண்டை வைத்து மூடினாள்.

நேற்று சாயங்காலம் உடம்பை வாங்கப் போயிருந்தபோது இதயப் பிரிவு டாக்டரம்மா அண்ணியையும் பூனையத்தையையும் தனியாக உட்கார வைத்துப் பேசினாள். நரைமுடியை ஆண்பிள்ளை போல வெட்டிக்கொண்டவள். அவசரமே இல்லாத பேச்சு.

"அறுத்துப் பார்த்ததுல எல்லாம் சுத்தமா இருக்கு. ரத்தக்குழாய்ல அடைப்பு இல்ல. தசையில கோளாறு இல்ல. ஆனா இதயம் நின்னிருக்கு. வீட்ல பல்பு நல்லா இருக்கு, வெளிச்சம் மட்டும் போயிடுச்சுன்னா எதைப் பார்ப்போம்? ஒயரைத்தானே? செத்தவங்க உடம்புல அந்த ஒயரைப் பார்க்க முடியாது. அதுல ஓடுற கரண்ட் நின்னுபோச்சு. அவரோட ரத்த சொந்தத்துல உயிரோட இருக்கறவங்களைத்தான் பார்க்கணும். கூடப் பிறந்தவங்க, பிள்ளைங்க."

அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். நீந்தப் போனாரா? காய்ச்சல் உண்டா? புதிதாக மாத்திரை ஏதும்? திடீர்ச் சத்தம், போன் மணி, கதவு மணி, அந்த மாதிரி?

"இருமலுக்கு ஒரு வாரமா மாத்திரை சாப்பிட்டார்" என்றாள் அண்ணி. "சத்தமெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா எழுந்து உட்கார்ந்தார். விழுந்தார்."

சொல்லிவிட்டுத் தன் வளையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி கையை அசைத்தால் வளையல் பேசும், வளையல் பேசாத நேரத்தில் அவளே பேசுவாள். அந்த அண்ணி அன்று அதற்கு மேல் வாய் திறக்காமல் இருந்ததை, பாவம், துக்கம் என்றுதான் பூனையத்தை நினைத்தாள்.

சாவு வீட்டில் காரியங்கள் அது பாட்டுக்கு நடந்தன. அண்ணியின் அண்ணன் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் அவர் ரகசியம் பேசினால் தெருமுனை வரை கேட்கும். வண்டிக்காரனோடு அவர் போட்ட சண்டையில் அழ வந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். கண்ணாடிக் கடையிலிருந்து இறந்தவனின் கூட்டாளிகள் வந்தார்கள். அண்ணனுக்கு அங்கே பார்வை சோதிக்கிற வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப தெரியுதா? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். வீட்டிலும் அதுதான் பேச்சு. கறிகாயில் உப்பு இல்லை என்று குட்டி சொன்னால் ஒரு சிட்டிகை போட்டுவிட்டு, "இப்ப தெரியுதா?" கூட்டாளி ஒருவர் அதைச் சொல்லிக்காட்டிச் சிரிக்கப் போய், பாதியில் நிறுத்தி வெளியே ஓடினார்.

பூனையத்தை அழவில்லை. அழுகிற பழக்கம் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இல்லை, சத்தம் வரும் என்பதால். "கல்நெஞ்சக்காரி, ஒரு சொட்டுத் தண்ணி வருதா பாரு" என்று யாரோ முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. தூக்குவதற்கு முன் எல்லாரும் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவள் தலைமாட்டுக்குப் போகவில்லை. கால்மாட்டில் உட்கார்ந்து, துணியை விலக்கி, அண்ணனின் வலது கால் கட்டைவிரலை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்தாள். விட்டாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி பிடித்தாள்.

"போதும்மா, எழுந்திரு, நேரமாகுது" என்றார் அண்ணியின் அண்ணன். அவள் காலில் விழுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அவர்கள் வீட்டில் யாரையும் அப்படித்தான் எழுப்புவார்கள்.

அம்மா வைத்த சட்டம் அது. தூங்குகிறவர்களைக் கூப்பிடக் கூடாது, தட்டக் கூடாது, உலுக்கக் கூடாது. கால்மாட்டில் போய்க் கட்டைவிரலைத் தொட வேண்டும். எழுந்திருக்கவில்லையா, காத்திருந்து மறுபடி தொட வேண்டும். அவ்வளவுதான். நாற்காலிக் கால்களுக்கு அடியில் ரப்பர் ஒட்டியிருக்கும். கதவு மணியைப் பிடுங்கி அலமாரியில் வைத்திருந்தார்கள். கதவை அறைந்து சாத்தினால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது. ஏன் என்று கேட்டால், "அதான் மரியாதை. நாம என்ன சந்தையிலயா குடியிருக்கோம்?" என்பாள் அம்மா. அவளுக்கு ஒரு தம்பி இருந்தானாம். சின்ன வயதில் தூக்கத்திலேயே போய்விட்டான். "நல்லாத்தான் படுத்திருந்தான், வாசல்ல யாரோ பேரைச் சொல்லிக் கத்தினாங்க" என்று மட்டும் சொல்வாள். அதற்கு மேல் சொன்னதில்லை. பிள்ளைகள் அதையும் இதையும் சேர்த்து யோசித்துப் பார்க்கவில்லை. சத்தம் போடாத குடும்பம் என்று தங்களைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே நினைத்துக்கொண்டு வளர்ந்தார்கள்.

அந்தப் பெருமைதான் வினையாகிப்போனது. அண்ணி பிறந்த வீட்டில் உப்பை எடு என்றாலே ஊரைக் கூட்டுவார்கள். கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் அவள் ஆசையாக, "ஏங்க! எழுந்திருங்க! விடிஞ்சு போச்சு!" என்று குரல் கொடுத்தாள். அம்மா, வீடு பற்றிக்கொண்ட மாதிரி ஓடிவந்து, "எங்க வீட்ல இப்படிக் கூப்பிட மாட்டோம்மா" என்றாள். புதுப்பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்! அன்றே அவள் மனசில் முள் குத்திவிட்டது. "இது வீடா ஆஸ்பத்திரியா? மூச்சு விடறதுக்கும் உங்கம்மாகிட்ட அனுமதி வாங்கணுமா?" என்று கேட்டுக் கேட்டு ஒரு வருஷத்திற்குள் தனிக்குடித்தனம் கூட்டிப்போய்விட்டாள். புது வீட்டில் கதவு மணி வைத்தார்கள். முதல்முறை போனபோது அதைக் கேட்டுத் திடுக்கிட்டு, "இவ்வளவு சத்தமா வேணுமா அண்ணி?" என்று பூனையத்தை கேட்டுவிட்டாள். வாய் தவறி வந்த ஒரு வார்த்தை. "வந்ததும் வராததுமா குத்தம் கண்டுபிடிச்சாச்சு" என்று அண்ணி அதை இன்றுவரை மறக்கவில்லை.

இப்போது அதே வாயால் சத்தத்தைப் பற்றி எப்படிப் பேசுவது? கடிகாரத்தை வாங்கினது அண்ணி. அடிக்கும்படி திருகி வைத்ததும் அண்ணியாகத்தான் இருக்கும். "சத்தம்தான் காரணம்" என்று பூனையத்தை வாய் திறந்தால், "நீதான் என் அண்ணனைக் கொன்னே" என்றுதான் அது அந்தப் பக்கம் போய்ச் சேரும். அதற்கப்புறம் அந்த வீட்டுக் கதவு திறக்காது. குட்டியை யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள்?

எடுத்துக்கொண்டு போய், எல்லாம் முடித்து, திரும்பி வந்த மத்தியானம் அவள் சுற்றிவளைத்துக் கேட்டுப் பார்த்தாள்.

"டாக்டரம்மா குட்டிக்கு ஒரு ஈசிஜி எடுக்கச் சொன்னாங்களே அண்ணி..."

அண்ணி தன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கூடத்து ஜன்னல் அதிர, "அவங்களுக்கு என்ன, சொல்லுவாங்க! அப்பன் செத்த மறுநாளே பொண்ணு நெஞ்சுல ஒயரை மாட்டணுமா? நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வரும்போது, இதய வியாதிக் குடும்பமாமேன்னு ஒருத்தன் சொன்னாப் போதும். வேற வேலை இல்ல?" என்றார்.

"அண்ணன் சொல்றது சரிதான்" என்றாள் அண்ணி. "எனக்கு ஒண்ணும் தெரிஞ்சுக்க வேண்டாம்." பூனையத்தையின் கண்ணைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பூனையத்தை வீட்டுக்கு நடந்தாள். உள்ளே கடிகாரம் விலாவில் இடித்துக்கொண்டே வந்தது.

அவள் வீட்டில் விளக்கைப் போட்டால் ஒரு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு கட்டில். அம்மா போன பிறகும் அலமாரியிலிருந்த மணியை எடுத்து மாட்ட அவளுக்கு மனசு வரவில்லை. போனை மணி அடிக்காமல் உறுமல் மட்டும் கேட்கும்படி வைத்திருந்தாள். உறுமுவதும் எப்போதாவதுதான், பெரும்பாலும் அண்ணன். "பூனை, உயிரோட இருக்கியா?" என்பான். சத்தம் போட ஆளே இல்லாத வீட்டில் சத்தம் போடக் கூடாது என்று ஒரு சட்டம்! அதை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும்போது அழுகையாக இருந்தது. தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அண்ணன் இல்லை. இனி அந்தப் போன் உறுமப்போவதில்லை.

மறுநாள் வேலைக்குப் போனாள். கேக்கின் மேல் பெயர் எழுதுவது அவள் வேலை. கூம்பில் க்ரீமை நிரப்பி, மூச்சை அடக்கி, ஒரே இழுப்பில் எழுத வேண்டும். "நாலு நாள் லீவு எடுத்துக்க வேண்டியதுதானே?" என்றார் அடுப்புக்காரர். எடுத்து எங்கே போக? பிறந்தநாள் கேக் ஒன்றில் எழுத ஆரம்பித்தாள். மூச்சை அடக்கிய அந்த நொடியில் தன் நெஞ்சு அடிப்பது அவளுக்குக் கேட்டது. இத்தனை வருஷம் கூடவே இருந்ததை அன்றுதான் உட்கார்ந்து கவனித்தாள். 'இது எப்படி அடிக்கிறது? அண்ணனுடையது போலவா?'

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. வந்ததும் ஒரு எழுத்து கோணிப்போனது. வழித்து எடுத்துவிட்டு மறுபடி எழுதினாள்.

தனக்கு இருந்தால்? அண்ணனுக்கு இருந்ததே தன் நெஞ்சிலும் இருந்தால், அது ரத்தத்தில் வந்தது, அம்மா வழியாக வந்தது. கடிகாரம் என்ன செய்யும்! அப்போது அண்ணியிடம் போய், "உங்களால இல்ல, எங்களால" என்று சொல்லலாம். சொல்லத் தைரியம் வரும். வாழ்க்கையில் எதையும் வாய்விட்டுக் கேட்காதவள், க்ரீம் கூம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தனக்கு அந்த வியாதி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில், "கூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்டாள் ஈசிஜி எடுக்கிற பெண்.

"யாரும் வரலை."

"தனியாவா வந்தீங்க? சரி, படுங்க. கை காலைத் தளர்த்திக்குங்க."

சில்லென்று ஏதோ தடவி நெஞ்சிலும் கையிலும் காலிலும் ஒட்டினாள். இயந்திரத்திலிருந்து கட்டம்போட்ட தாள் மெல்ல வெளியே வந்தது. பிறகு படுத்திருந்தவளைச் சட்டென்று எழுந்து நிற்கச் சொல்லி இன்னொரு தாள் எடுத்தாள். எடுத்ததைப் பார்த்தவள், "இருங்க, டாக்டரைக் கூப்பிடறேன்" என்று வெளியே போனாள். பூனையத்தை நெஞ்சில் ஒயர்களோடு நின்றுகொண்டிருந்தாள். எத்தனையோ வருஷத்திற்குப் பிறகு இன்னொருவர் கை அவள் மேல் பட்டது அன்றுதான்.

டாக்டரம்மா வந்து உட்கார்ந்து, அளவுகோலைத் தாளின் மேல் வைத்து அளந்தாள். மறுபடியும் அளந்தாள்.

"உங்களுக்கு அடிக்கடி மயக்கம் வருமா?"

"வராதுங்க. சின்ன வயசுல ஒரு தடவை."

"எதனால?"

"பக்கத்து வீட்ல பாத்திரம் விழுந்துச்சு."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "இதயம் ஒரு தடவை அடிச்சு முடிச்சா, அடுத்த அடிக்குத் தயாராகணும். உங்களுக்கு அதுக்கு நேரம் அதிகமா ஆகுது. அந்த நேரத்துல திடீர்னு ஒரு அதிர்ச்சி வந்தா தாளம் தப்பிடும். எல்லாத் தடவையும் தப்பாது. என்னிக்கோ ஒரு நாள் தப்பும். அதனாலதான் வெளியில தெரியாமலே போயிடுது."

"அடுப்புல இருக்கற தட்டை எடுக்கறதுக்குள்ள அடுத்த தட்டைத் தள்ளிடற மாதிரி" என்றாள் பூனையத்தை.

"கிட்டத்தட்ட அப்படித்தான். ரத்தத்துல ஒரு பரிசோதனை எழுதித் தர்றேன், அது வந்தாத்தான் முழுசா உறுதியாகும். ஆனா இதுவே போதுமான அளவு பேசுது. உங்க அண்ணன் சாப்பிட்ட மாத்திரை எதுன்னு விசாரிச்சேன். சாதாரண ஆளுக்கு அது ஒண்ணும் பண்ணாது. இப்படிப்பட்ட இதயத்துல அந்த நேரத்தை இன்னும் இழுத்துவிடும்." தாளை மடித்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்னம்மா சிரிக்கறீங்க? இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட முதல் ஆள் நீங்கதான்."

பூனையத்தை சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கட்டைவிரலை, நாற்காலி ரப்பரை, அலமாரியில் கிடக்கும் மணியை, அம்மாவின் தம்பியை. கடைசியில், குரல் இறங்கிப்போய், சிவப்புக் கடிகாரத்தை.

டாக்டரம்மா மடித்த தாளைக் கீழே வைத்தாள்.

"யார் சொல்லிக்கொடுத்தது இந்தப் பழக்கத்தை?"

"அம்மா. மரியாதைன்னு சொல்லுவாங்க."

"ம். அதை விட்டுடாதீங்க. மாத்திரை எழுதித் தர்றேன், தினமும் சாப்பிடணும். அந்தப் பொண்ணை நாளைக்குக் காலையிலயே கூட்டிட்டு வாங்க, தள்ளிப்போடக் கூடாது." எழுதிக்கொண்டே கேட்டாள். "உங்களை வீட்ல யார் எழுப்பறாங்க?"

"நானே எழுந்துப்பேன்" என்றாள் பூனையத்தை.

அண்ணி வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். அண்ணியின் அண்ணனும் அன்று காலைதான் கிளம்பினாராம். இரவல் வாங்கிய நாற்காலிகள் வாசலில் அடுக்கியிருந்தன. பூனையத்தை மணியை அழுத்தாமல், கதவை விரலால் தட்டினாள்.

கதவைத் திறந்த அண்ணியைப் பார்க்கச் சகிக்கவில்லை. தலை வாரவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. குட்டி உள்ளே எதையோ வரைந்துகொண்டிருந்தாள். இவ்வளவு அமைதியாக அந்த வீட்டைப் பூனையத்தை பார்த்ததே இல்லை.

"எனக்கு இருக்கு அண்ணி" என்றாள், உட்காராமலே.

"என்ன இருக்கு?"

"அண்ணனுக்கு இருந்ததேதான். இன்னிக்குப் பார்த்துச் சொன்னாங்க. அம்மாவுக்கும் இருந்திருக்கணும். மாமாவுக்கும். பிறக்கும்போதே வந்தது. எங்க வீட்டு வியாதி. நீங்க ஒண்ணும் பண்ணலை."

அண்ணி அவளையே பார்த்தாள். கோபப்படப்போகிறாள் என்று நினைத்துப் பூனையத்தை பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கடிகாரம் உங்கிட்டதானே இருக்கு?"

"ஆமா."

"எடு."

பூனையத்தை எடுத்துக்கொடுத்தாள். அண்ணி அதை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"குட்டிக்குப் பள்ளிக்கூட வண்டி தவறிடுச்சு, ரெண்டு நாள். அந்த மாத்திரை சாப்பிட்டதுலயிருந்து அவர் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கினார். இல்லேன்னா அவர்தானே எழுப்புவார், எங்க எல்லாரையும். கடையில இருக்கறதுலயே பெரிய சத்தமாக் குடுங்கன்னு நான்தான் கேட்டேன். அந்தக் கடைக்காரன்கூடச் சிரிச்சான்." குரல் உடைந்தது. "அது அடிச்சுது, இவர் எழுந்து உட்கார்ந்தார், என்னைப் பார்த்தார். பார்த்தார், பூனை. அப்புறம்... டாக்டரம்மா கேட்டப்ப எனக்கு வாய் வரலை. உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். நீ கேட்பேன்னு தினமும் காத்துக்கிட்டு இருந்தேன். ஏன் ஒரு வார்த்தை கேட்கலை நீ? திட்டியிருக்கலாமே!"

"கடிகாரம் இல்லேன்னா போன். அது இல்லேன்னா கதவு. ஏதாவது ஒண்ணு என்னிக்காவது அடிச்சிருக்கும் அண்ணி."

"சும்மா சமாதானம் சொல்லாதே."

"சமாதானம் இல்ல. எனக்கும் அதேதான், அதனால சொல்றேன்."

அண்ணி சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். உள்ளே குட்டி பென்சிலைச் சீவுகிற சத்தம் கேட்டது.

"உங்கண்ணன் என்னை எப்படி எழுப்புவார் தெரியுமா?" என்றாள் திடீரென்று. "உங்க வீட்டு வழக்கம்தான். நான் அவ்வளவு கேலி பண்ணுவேன், உங்க பூனைக்குடும்பம்னு. அவர் பாட்டுக்கு வந்து கால்மாட்டுல உட்கார்ந்து விரலைத் தொடுவார். நான் முழிச்சுக்குவேன். ஆனா கண்ணைத் திறக்க மாட்டேன். இன்னொரு தடவை தொடட்டும்னு படுத்தே கிடப்பேன். கல்யாணம் ஆனதுலயிருந்து தினமும். அவருக்குத் தெரியும்னுதான் நினைக்கறேன்." அழுதாள். இந்தமுறை சத்தமே இல்லாமல்.

பூனையத்தைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டிப்பிடித்துப் பழக்கமில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

வெளியே இருட்டத் தொடங்கியபோது அண்ணி எழுந்தாள். நாற்காலியைப் போட்டு ஏறி, கதவு மணியின் ஒயரைத் திருகிப் பிடுங்கினாள். கடிகாரத்தையும் மணியையும் சேர்த்துச் சமையலறை மேல் பரணில் தள்ளினாள்.

"குட்டியை எப்பக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க?"

"நாளைக்குக் காலையில."

"அப்ப நீ இன்னிக்கு இங்கேயே படுத்துக்கோ. மூணு பேரும் சேர்ந்து போவோம்."

கூடத்தில் அண்ணனின் உடம்பு இருந்த இடத்திற்குக் கொஞ்சம் தள்ளி அவளுக்குப் பாய் விரித்தார்கள். தூக்கம் வராது என்று நினைத்துத்தான் படுத்தாள். ஆனால் அடுத்த அறையில் இரண்டு பேர் மூச்சு விடுகிற ஓசை மெல்லக் கேட்டுக்கொண்டே இருந்தது. அதைக் கேட்டபடியே தூங்கிப்போனாள்.

வலது கால் கட்டைவிரலில் ஏதோ பட்டது.

முதலில் கனவு என்று நினைத்தாள். அம்மா போன பிறகு அந்த இடத்தில் யார் கையும் பட்டதில்லை. இமையைக் கொஞ்சமே திறந்து பார்த்தாள். ஜன்னலில் வெளுப்பு தெரிந்தது. கால்மாட்டில் அண்ணி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். குளித்துத் தலைவாரியிருந்தாள். வளையல்கள் சத்தம் போடாமல் இருக்க, அவற்றை மணிக்கட்டோடு சேர்த்து மற்றக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பூனையத்தை கண்ணை மூடிக்கொண்டாள். அசையவில்லை.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, மறுபடி தொட்டாள்.